சென்னைக்கு வந்த முகமது அலி: ஒரு வழக்கு, இரண்டு புத்தகங்கள்

சூரமங்கலத்தில் ராத்திரி ரயில் ஏறி விடிகாலையில் சென்னை சென்ட்ரலில் இறங்குபவர்களுக்கு நேரு ஸ்டேடியம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பெரியமேடு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். ஆட்டோகூட வேண்டாம். இப்போது நிற்கும் பெரிய கட்டடம் 1990களில் எழுப்பியது. அதற்கு முன் அதே இடத்தில் பழைய ஸ்டேடியம் ஒன்று இருந்தது. டெஸ்ட் கிரிக்கெட்கூட அங்கே நடந்திருக்கிறது.

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பழைய ஸ்டேடியத்தில் கயிறு கட்டி, மேடை போட்டு, ஒரு பாக்ஸிங் நடந்தது. இறங்கியவர் முகமது அலி. பார்க்க வந்தவர்களில் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் ஒருவர். யார் ஜெயித்தார் என்ற கணக்கெல்லாம் இல்லாத, காட்சிக்காக நடத்திய ஆட்டம்தான் அது. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாகக் கையுறை மாட்டிச் சண்டை போட்ட வடசென்னைக்கு அலி வெளிநாட்டுக்காரர் இல்லை, வீட்டுப்பிள்ளை மாதிரி. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எல்லோரும் அலியைப் பார்த்தார்கள். எதிரே நின்றவரை எத்தனை பேர் கவனித்தார்கள்?

அவர் பெயர் ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊர்க்காரர். சின்ன வயதிலிருந்தே பழக்கம். பயிற்சியில் அலியிடம் அடி வாங்கியவர், அடித்தும் இருப்பவர். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1967-ல் அலியிடமிருந்து பிடுங்கிய உலக சாம்பியன் பட்டத்தை, அதற்கடுத்த வருடம் போட்டி வைத்து ஜெயித்து எடுத்தவர் இதே எல்லிஸ்தான்! அந்தப் பட்டத்தை அலி ரிங்கில் தோற்று இழக்கவில்லை. ஒரு கேள்விக்கு "மாட்டேன்" என்று சொன்னதால் இழந்தார்.

அந்த "மாட்டேன்" எங்கே தொடங்கியது, எப்படி முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாக்ஸிங் பிடிக்காதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இந்தக் கதையில் கடைசிக் குத்து விட்டது ஒரு புத்தகம்.

சைக்கிளில் தொடங்கிய கதை

1942 ஜனவரி 17-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் கேஷியஸ் கிளே. 12 வயதில் அவருடைய புது சைக்கிள் திருட்டுப் போனது. புகார் கொடுக்கப் போன இடத்தில் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் இருந்தார். திருடன் கிடைத்தால் உதைப்பேன் என்று பையன் கத்த, முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று அவர் சொன்னார். மார்ட்டின் வேலை நேரம் போக அங்கேயே பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பவர். அப்படித்தான் ஆரம்பம்.

ஆறே வருடத்தில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964 பிப்ரவரி 25-ல் மயாமி நகரில் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன். அப்போது வயது 22.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அமெரிக்காவுக்கு அதிர்ச்சி. 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பில் தான் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். அதன் தலைவர் எலைஜா முகமது அவருக்கு முகமது அலி என்று பெயர் வைத்தார். பல பத்திரிகைகள் வருடக்கணக்கில் அந்தப் பெயரை அச்சிடவே மறுத்தன.

அவரை அந்த அமைப்பின் பக்கம் இழுத்ததில் பெரும் பங்கு மால்கம் எக்ஸ் என்ற பேச்சாளருக்கு உண்டு. லிஸ்டனோடு மோதிய சமயத்தில் மால்கம் அலியின் நெருங்கிய நண்பர். ஆனால் அதே வருடம் மால்கம் எலைஜாவோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். அலி எலைஜா பக்கம் நின்றுவிட்டார். 1964 மே மாதம் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருவரும் தற்செயலாக எதிரெதிரே சந்தித்தார்கள். பேச வந்த மால்கமை அலி முகம் கொடுக்காமல் விட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் பிப்ரவரி 21-ல் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சுயசரிதை அவர் இறந்த பிறகு 1965-ல் வெளியானது. இந்தப் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பரீட்சையில் ஃபெயில்

அலி படிப்பில் ரொம்ப சுமார். பள்ளியை முடித்தபோது வகுப்பில் இருந்த 391 பேரில் அவருக்கு 376-வது இடம். வாசிப்பது அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கஷ்டம்தான். எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதில் உள்ள குறைபாட்டை டிஸ்லெக்ஸியா என்று இப்போது சொல்கிறோம். அந்தக் காலத்தில் அதற்கு "மக்கு" என்று பெயர்.

அமெரிக்காவில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. 1964-ல் ராணுவம் வைத்த அறிவுத் தேர்வை அலி எழுதினார். நூறு பேரில் குறைந்தது 30 பேரை முந்தினால்தான் பாஸ். அலி முந்தியது 16 பேரை. ஃபெயில். உலகமே சிரித்தது. தான் சொன்னது உலகத்திலேயே பெரியவன் என்றுதானே தவிர பெரிய அறிவாளி என்று இல்லையே என்று அவரே ஜோக் அடித்தார்.

வியட்நாம் போர் பெரிதானது. ஆள் தேவைப்பட்டது. 1966-ல் பாஸ் மார்க்கை 30-லிருந்து 15 ஆகக் குறைத்தார்கள். நேற்று வரை ராணுவத்துக்குத் தகுதியில்லாதவர் ஒரே நாளில் தகுதியானவர் ஆகிவிட்டார். இத்தனைக்கும் அவர் ஒரு பாடம்கூடப் புதிதாகப் படிக்கவில்லை.

செய்தி வந்தபோது நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த வியட்நாம்காரர்களோடு தனக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று அலி சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் நாடு முழுக்க அவருக்கு எதிராகத் தலையங்கங்கள்.

இங்கிலாந்திலிருந்து ஒரு வயதானவர் ஆதரவு தெரிவித்துத் தொடர்பு கொண்டார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். அவர் யார் என்று அலிக்கு அப்போது தெரியாது. பிற்பாடு ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோதுதான் எவ்வளவு பெரிய ஆளோடு சாதாரணமாகப் பேசிவிட்டோம் என்று புரிந்ததாம். அலியின் சுயசரிதையில் இது வருகிறது.

ஒரு அடி முன்னால்

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. மத நம்பிக்கையின்படி ஒருவர் எல்லாப் போர்களையும் எதிர்ப்பவராக இருந்தால், அது உண்மையான நம்பிக்கை என்று நிரூபித்தால், ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. இந்தப் போர் வேண்டாம், அந்தப் போர் பரவாயில்லை என்று பொறுக்கி எடுப்பவர்களுக்கு விலக்கு கிடையாது.

அலி விலக்கு கேட்டார். விசாரித்த அதிகாரி லாரன்ஸ் கிராமன், ஓய்வு பெற்ற நீதிபதி. அலியின் நம்பிக்கை உண்மையானதுதான், விலக்கு கொடுக்கலாம் என்று அவர் பரிந்துரைத்தார். ஆனால் நீதித்துறை அமைச்சகம் அதற்கு நேர் எதிராக மேல்முறையீட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. வாரியம் விலக்கு மறுத்தது. ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி காரணம்கூட எழுதவில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1967 ஏப்ரல் 28. டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரம். பெயரைக் கூப்பிட்டால் ஒரு அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். வைத்தால் ராணுவத்தில் சேர்ந்ததாக அர்த்தம். "கேஷியஸ் கிளே" என்று கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. தண்டனை என்ன என்று விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போதும் நகரவில்லை.

வரவு செலவு

காமர்ஸ் படிப்பவர்கள் பாணியில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

செலவுப் பக்கம்: அன்றைக்கே நியூயார்க் பாக்ஸிங் கமிஷன் லைசென்ஸை நிறுத்தி வைத்தது. சாம்பியன் பட்டம் போனது. மற்ற மாநிலங்களும் கதவைச் சாத்தின. ஜூன் 20-ல் வழக்கு. ஜூரி பேசி முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் 21 நிமிடம். தண்டனை, சட்டத்தில் உள்ள உச்சபட்சம்: 5 வருட சிறை, 10,000 டாலர் அபராதம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 75,000 ரூபாய். அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்நாட்டிலும் ஆட முடியாது, வெளிநாடு போயும் ஆட முடியாது.

1967 மார்ச் 22-க்குப் பிறகு அவர் அடுத்த போட்டியில் இறங்கியது 1970 அக்டோபர் 26-ல். 43 மாதம். 25 வயதிலிருந்து 28 வயது வரை. ஒரு பாக்ஸருக்கு அதுதான் உச்சமான வயது. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். அந்தக் கால்களின் வேகம் திரும்ப வரவில்லை. எந்தப் புத்தகத்திலும் ஏற்ற முடியாத நஷ்டம் அது.

காலியான பட்டத்துக்கு உலக பாக்ஸிங் சங்கம் எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தியது. 1968 ஏப்ரலில் ஜெயித்தவர் ஜிம்மி எல்லிஸ். நியூயார்க் கமிஷன் தனியாக ஜோ ஃப்ரேசியரைச் சாம்பியன் என்றது. ஒரே சமயத்தில் இரண்டு சாம்பியன்கள், மூன்றாவதாக ஒருத்தர் வீட்டில்.

வரவுப் பக்கம்? அதற்குக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும்.

கல்லூரி மேடையில்

வருமானம் நின்றதும் அலி கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். வாசிக்கவே சிரமப்பட்டவர், பேச வேண்டியதைக் குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் பேசிப் பழகினார். மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். சிலர் கேலி செய்தார்கள். சிலர் அவரோடு ஒத்துப்போனார்கள், சிலர் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ரிங்கில் கேட்காத கேள்விகளையெல்லாம் அங்கே கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லித்தான் அவருடைய நிலைப்பாடே தெளிவானது என்று சொல்லலாம்.

1967 ஜூன் 4-ல், தண்டனைக்கு இரண்டு வாரம் முன்னால், கிளீவ்லண்ட் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. ஃபுட்பால் வீரர் ஜிம் பிரவுன் கூட்டியது. பெரிய பெரிய கறுப்பின வீரர்கள் வந்து அலியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். நீ சொல்வது உண்மைதானா, விளம்பரத்துக்கா என்று மணிக்கணக்கில் கேட்டார்கள். முடிவில் வெளியே வந்து அவர் பக்கம் நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிலேயே சின்னவர் ஒரு காலேஜ் பையன். வயது 20. பெயர் லூ அல்சிண்டர். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட கூடைப்பந்து ஜாம்பவான். விளையாட்டை விட்ட பிறகு கறுப்பின வரலாறு பற்றிப் பல புத்தகங்கள் எழுதினார். நம் வயதில் இருக்கும் ஒரு மாணவன், தன் எதிர்காலம் கெட்டுப்போகலாம் என்று தெரிந்தும் அந்த மேஜையில் போய் உட்கார்ந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நீதிபதி படித்த புத்தகம்

வழக்கு கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1971 ஏப்ரல் 19-ல் வாதம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், மார்ச் 8-ல், அலி ஜோ ஃப்ரேசியரிடம் 15 ரவுண்டு ஆடித் தோற்றிருந்தார். இப்போது கோர்ட்டிலும் தோற்றால் சிறை.

ஒன்பது நீதிபதிகளில் தர்குட் மார்ஷல் ஒதுங்கிக்கொண்டார். வழக்கு தொடங்கிய காலத்தில் அரசு வழக்கறிஞர் பொறுப்பில் இருந்தவர் என்பதால். மீதி எட்டுப் பேர். உள்ளே பேசி முதலில் ஓட்டு போட்டபோது 5-3. அலிக்கு எதிராக. தீர்ப்பை எழுதும் பொறுப்பு நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லனிடம் போனது.

ஹார்லன் பழமைவாதி. போராட்டக்காரர்கள் மேல் தனி அன்பெல்லாம் கிடையாது. வயது 70-ஐத் தாண்டியிருந்தது. கண்பார்வை கிட்டத்தட்டப் போயிருந்தது. காகிதத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பார், இல்லையென்றால் உதவியாளர்கள் படித்துக் காட்டுவார்கள்.

அடுத்து நடந்தது வெளியே தெரிந்தது 1979-ல்தான். பாப் உட்வர்டு, ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் உச்ச நீதிமன்றத்தின் உள்கதையை 'த பிரதரன்' என்ற புத்தகமாகக் கொண்டு வந்தார்கள். அதில் வரும் செய்தி இது. ஹார்லனிடம் வேலை பார்த்த இளம் உதவியாளர் ஒருவர், தீர்ப்பு எழுதுவதற்கு முன் இவற்றைப் படித்துப் பாருங்கள் என்று இரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். ஒன்று எலைஜா முகமது எழுதியது. இன்னொன்று மால்கம் எக்ஸின் சுயசரிதை.

ஹார்லன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். படித்த பிறகு அவருக்கு ஒன்று தெளிவானது. இவர்களுடைய மதம் உண்மையிலேயே போரைத் தடை செய்கிறது. அலி சொன்னது சாக்கு இல்லை. இவர் வெள்ளைக்காரர்களின் போரை மட்டும் எதிர்க்கிறார், எல்லாப் போரையும் இல்லை என்று அரசு சொன்ன வாதம் தப்பு. தன் ஓட்டை மாற்றிக்கொள்வதாக மற்ற நீதிபதிகளிடம் சொன்னார். 5-3 என்பது 4-4 ஆனது.

சமமானால் என்ன ஆகும்? கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும். அலி ஐந்து வருடம் உள்ளே போவார், எதற்காக என்று ஒரு வரி விளக்கமும் இல்லாமல். இது சரியில்லை என்று நினைத்த நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். வாரியம் காரணம் எழுதாமல் விட்டது ஞாபகம் இருக்கிறதா? நீதித்துறை அமைச்சகத்தின் கடிதம், அலியின் கோரிக்கை மூன்று காரணங்களாலும் செல்லாது என்று வாரியத்திடம் சொல்லியிருந்தது. அவருடைய எதிர்ப்பு மதம் சார்ந்தது, மனப்பூர்வமானது என்ற இரண்டையும் உச்ச நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் வாரியம் எந்தக் காரணத்தை நம்பி மறுத்தது? யாருக்கும் தெரியாது. அதனால் தண்டனை செல்லாது.

1971 ஜூன் 28-ல் தீர்ப்பு வந்தது. 8-0. அலி விடுதலை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாசிக்கத் திணறிய ஒருவருக்காக, கண் தெரியாத ஒருவர் புத்தகம் படித்தார். அந்தப் புத்தகத்தில் இருந்தது, அலி கானாவில் முகம் கொடுக்காமல் விட்டுப் போன அதே மால்கமின் வாழ்க்கை. மால்கம் உயிரோடு இருந்திருந்தால் அலி மன்னிப்புக் கேட்டிருப்பாரா என்று தெரியாது. ஆனால் மால்கமிடம் அப்படி நடந்துகொண்டது தன் வாழ்க்கையில் தான் மிகவும் வருந்தும் தவறுகளில் ஒன்று என்று 2004-ல் வந்த தன் புத்தகத்தில் அலியே எழுதினார்.

தீர்ப்பு வந்த அடுத்த மாதம், ஜூலை 26-ல், அலி ரிங்கில் இறங்கினார். ஊர், ஒரு அடி முன்னால் வைக்க மறுத்த அதே ஹூஸ்டன். எதிரே ஜிம்மி எல்லிஸ். 12-வது ரவுண்டில் அலி ஜெயித்தார்.

சேலத்தில் ஒரு பழைய வழக்கு

அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சேலத்துக்காரர்களுக்கு இது ஓரளவு தெரிந்த கதைதான்.

1882-ல் சேலத்தில் பெரிய கலவரம் நடந்தது. அதைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் சேலம் சி.விஜயராகவாச்சாரியார். அப்போது 30 வயது வக்கீல், நகராட்சி உறுப்பினர். வகுப்புக்கே போகாமல் தானாகப் படித்துச் சட்டப் பரீட்சையில் தேறியவர். அவருக்குப் பத்து வருட தண்டனை விதித்தார்கள். எர்ட்லி நார்ட்டன் என்ற ஆங்கில வக்கீல் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். விடுதலையானார். அதோடு விடவில்லை. பறித்த நகராட்சிப் பதவிக்காகவும் வழக்கு போட்டு ஜெயித்து, நஷ்ட ஈடும் வாங்கினார். 1920-ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் இவர்தான்.

இவரும் அலியும் வேறு வேறு உலகம். ஆனால் இரண்டு வழக்கிலும் ஒரு பொது விஷயம் உண்டு. ஊரே ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிய பிறகு, யாரோ ஒருவர் உட்கார்ந்து காகிதங்களை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

சென்னையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு

மறுபடியும் 1980-க்கு வருவோம். சென்னை மக்கள் கைதட்டிய அந்த நாட்களில் உலகம் வேறு ஒரு சண்டையில் இருந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து அடுத்த கோடையில் நடக்க இருந்த மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் சொன்னார். ஆப்பிரிக்க நாடுகளைச் சம்மதிக்க வைக்க ஒரு பிரபலமான ஆள் தேவை. இந்தியாவில் இருந்த அலிக்கு அழைப்பு வந்தது. 13 வருடம் முன்னால் எந்த அரசாங்கம் அவரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்ததோ, அதே அரசாங்கம் இப்போது தூதராகப் போகச் சொன்னது. அலி ஒப்புக்கொண்டார். இந்தியாவிலிருந்து நேராக டான்சானியாவுக்குப் போனார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். நிருபர்கள் கேட்டார்கள்: தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு நியூசிலாந்து ரக்பி ஆடியதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தோமே, அப்போது அமெரிக்கா எங்கள் பக்கம் நின்றதா? இப்போது மட்டும் நாங்கள் ஏன் உங்கள் பக்கம் நிற்க வேண்டும்? அலியிடம் பதில் இல்லை. இந்த விஷயமே தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். தன்னைத் தப்பான வேலைக்குப் பயன்படுத்துகிறார்களோ என்று வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். கென்யா, நைஜீரியா, லைபீரியா, செனகல் என்று பயணம் தொடர்ந்தது. ஆனால் மரியாதை கெட்டுவிட்டது. டான்சானியா மாஸ்கோவுக்குப் போனது. இந்தியாவும் போனது.

இதில் நமக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. மாஸ்கோ ஒலிம்பிக் ஆண்கள் ஹாக்கியில் மொத்தம் ஆறே அணிகள். அதில் ஒன்று இந்தியா, இன்னொன்று டான்சானியா. இரண்டும் மோதியபோது இந்தியா 18-0 என்று ஜெயித்தது. இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம். கேப்டன் நம் தமிழ்நாட்டுக்காரர் வி.பாஸ்கரன். இந்தியா ஹாக்கியில் கடைசியாக வாங்கிய ஒலிம்பிக் தங்கம் அதுதான். எந்த ஒலிம்பிக்கை நிறுத்தச் சொல்லி அலி இந்தியாவிலிருந்து கிளம்பினாரோ, அதே ஒலிம்பிக்!

1967-ல் ஒரு நாடே எதிர்த்தும் அசையாமல் நின்றவர் 1980-ல் ஏன் தடுமாறினார்? தைரியம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1967-ல் தான் எதை மறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். எலைஜாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, மாணவர்களிடம் வாதாடி வாதாடி, அதை அவர் கரைத்துக் குடித்திருந்தார். 1980-ல் கையில் கொடுத்த காகிதத்தை நம்பி விமானம் ஏறினார். மாண்ட்ரியல் பற்றி யாராவது ஒரு பக்கம் படித்துக் காட்டியிருந்தால்கூடப் போதும். ஒரு நீதிபதி படித்ததால் பிழைத்தவர், தான் படிக்காமல் போனதால் அடி வாங்கினார்.

மேடையும் பதக்கமும்

அலி குறையில்லாத மனிதர் இல்லை. ஃப்ரேசியர் அவருக்குத் தடை இருந்த காலத்தில் உதவியவர். அவரைப் போய் கொரில்லா என்று கேலி செய்தார். ஃப்ரேசியர் அந்தக் காயத்தை வெகுகாலம் சுமந்தார். இதையும் சேர்த்துத்தான் அலியின் கணக்கை எழுத வேண்டும்.

1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு ஜோதி ஏற்றினார். 2005-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிவிலியன் விருதை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவருக்கு அணிவித்தார். அமெரிக்கப் படைகள் ஈராக்கில் இருந்த நேரம் அது. பேச முடியாமல் போன பிறகு எல்லோருக்கும் அவரைப் பிடித்துப் போனது. 2016 ஜூன் 3-ல் இறந்தார். எல்லிஸ் அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே போய்விட்டார்.

அதே 2016 செப்டம்பரில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே தொடரில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். சேலத்தில் இந்த இரண்டு பெயரும் தெரியாத பையன் இருக்க மாட்டான். நாம் இவர்களைப் பற்றிச் சொல்லும் கதை ஒரே மாதிரிதான்: ஏழை வீட்டுப் பிள்ளை, கஷ்டம், உழைப்பு, வெற்றி. அது உண்மையான கதை, பெருமைப்பட வேண்டிய கதை.

ஆனால் நாளைக்கு இவர்களைப் போன்ற ஒரு வீரர், பொது விஷயத்தில் நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் என்ன செய்வோம்? விளையாடுவதோடு நிறுத்திக்கொள் என்போமா? 21 நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவோமா? இப்போதெல்லாம் 21 நிமிடம்கூட ஆகாது, கையில் போன் இருந்தால் 21 விநாடி போதும்.

ஹார்லன் செய்தது பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. தனக்குப் பிடிக்காத ஒருவனைப் பற்றி முடிவெடுத்த பிறகு, அவன் பக்கத்துப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்தார். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததும் வெளியே சொன்னார். அவர் அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 29-ல் இறந்துபோனார். சென்னை ஸ்டேடியத்தில் 1980-ல் கைதட்டியவர்களில் ஹார்லன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இருந்தார்களா என்பது சந்தேகம்தான்.

அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்தைக் கடக்கும்போது அலியோடு சேர்த்து எல்லிஸையும், ஹார்லனையும், மால்கமையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் மால்கமின் சுயசரிதையையும் படியுங்கள்.